தற்காலிக நிறுத்தம்

மே 24

கோமதிநாயகம் ஐயா இன்று தோற்றுவிட்டார். ஆறு முறை எங்கள் எம்.பி.யாக இருந்தவர். ஏழாவது முறையும் நின்றார். தொகுதி போதும் என்று சொல்லிவிட்டது. ஜெயித்தது வக்கீல் ஃப்ளோரா. நானும் ஃப்ளோராவுக்குத்தான் போட்டேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

இறக்கி வைத்த கூடை மாதிரி மனது லேசாக இருக்கிறது. பக்கத்துத் தொகுதிக்காரர் மேம்பாலம் கொண்டுவந்தார். அதற்கடுத்த தொகுதியில் மருத்துவக் கல்லூரி. எங்கள் ஆள் இத்தனை வருஷம் டெல்லிக்குப் போனார், வந்தார். அவ்வளவுதான். கல்வெட்டில் பேர் பார்க்கலாம் என்றால் தொகுதி முழுக்கத் தேடினாலும் ஒரு கல் கிடையாது.

எங்கள் மஞ்சவிளையில் சொல்லிக்கொள்ள இருப்பது ஒன்றே ஒன்று. வாரம் இரண்டு நாள் டெல்லி எக்ஸ்பிரஸ் இங்கே இரண்டு நிமிடம் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தில் என் வெற்றிலைக் கூடைகள் ஏறும். நாக்பூர், போபால், டெல்லி என்று இறங்கும். லாரியில் அனுப்பினால் பாதி வழியில் இலை கறுத்துவிடும். கூடையைத் தலையில் வைத்து ஜங்ஷனுக்கு நடந்த நான் இன்று கமிஷன் கடை வைத்திருக்கிறேன், ஊரில் இத்தனை வெற்றிலைக் கொடிக்கால் பச்சையாக நிற்கிறது என்றால் அந்த ரயில்தான் காரணம். அதுவும் ஐயா தந்ததில்லை. நாங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்து வாங்கியது. முன் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கும் போட்டோ கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

மே 27

ஐயா வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டு வந்தேன். எதிராக ஓட்டுப் போட்டாலும் போகாமல் இருப்பது மரியாதையில்லை.

வாசலில் கூட்டம் இல்லை. முன்னெல்லாம் செருப்பு வைக்க இடம் இருக்காது. பல் போய்விட்டதால் சின்ன உரலில் வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்தார்.

"வாரும் தவசிக்கனி. ஜெயிச்ச கட்சிக்காரரு தோத்த வீட்டுக்கு வந்திருக்கீரு."

"நான் எந்தக் கட்சியும் இல்ல ஐயா. யாவாரி."

"அதான் சொல்லுதேன். யாவாரி வந்தாம்னா வீட்டுல இன்னும் ஏதோ சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

சிரித்துக்கொண்டோம். அப்போது ஒரு ஆள் மகனுக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் இடம் வேண்டும் என்று கடிதம் கேட்டு வந்தான். தோற்றது தெரியாதோ என்னவோ. ஐயா அவனை உட்காரச் சொன்னார். பிறகு பழைய வழக்கப்படியே, "சென்னைக்கு எதுல போறே? டிக்கெட் எங்க எடுத்தே?" என்றார். அவன் பஸ் என்றான். "நம்ம ஸ்டேஷன்ல டிக்கெட் எடுத்துட்டு வா, பெறவு பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார்.

இது அவருடைய பைத்தியம். ஊருக்கே தெரியும். கல்லூரி சீட்டு, வேலை, ஆஸ்பத்திரி, எதற்குப் போனாலும் மஞ்சவிளை ஸ்டேஷன் டிக்கெட்டைக் காட்டினால்தான் கையெழுத்து. அவரும் எம்.பி. பாஸை வைத்துக்கொண்டே வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பார். எளிமையாம். ஓட்டுக்கு ஆடுகிற ஆட்டம் என்று நினைத்திருந்தேன். தோற்ற பிறகும் விடவில்லை.

நான் கொண்டுபோன ஒரு கவுளி வெற்றிலைக்கு வழக்கம்போல் காசை எண்ணிக் கையில் வைத்தார். ஒருநாளும் சும்மா வாங்கினதில்லை இந்த மனுஷன். மஞ்சவிளையிலேயே என்னிடம் இனாம் வெற்றிலை வாங்காத ஒரே பெரிய மனிதர்.

ஜூன் 2

மழை. இலை கனம். விலை பரவாயில்லை.

ஜூன் 9

ஃப்ளோரா நன்றி சொல்ல வந்தது. நல்ல பெண். மேடையில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம், "அண்ணாச்சி, உங்க ஊருக்கு முதல்ல என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டது.

கேட்க வேண்டியதை நான் தயாராக வைத்திருந்தேன். போன வாரம் பார்சல் புக் செய்யப் போனபோது ஸ்டேஷன் மாஸ்டர் பிஜு பேச்சுவாக்கில் சொன்னார், இந்த நிறுத்தம் இன்னமும் தற்காலிகம்தானாம். சோதனை அடிப்படையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்களாம். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிற ரயில் இன்னும் சோதனையா? பேத்தி எடுத்தவளை நிச்சயம் பண்ணின பெண் என்று சொல்கிற மாதிரி.

"நிறுத்தத்தை நிரந்தரமாக்கணும்மா" என்றேன்.

மைக்கில் அறிவித்துவிட்டது. "மஞ்சவிளையில் டெல்லி எக்ஸ்பிரஸ் நிரந்தரமாக நிற்கும். இதுதான் என் முதல் கடிதம்." கைதட்டு ஓயவே இல்லை. நான் பொன்னாடை போர்த்தினேன். பேப்பரில் என் தலை நன்றாக விழுந்திருக்கிறது.

ஜூன் 10

சொர்ணம் பேப்பரைப் பார்த்துவிட்டு, "நிக்கிற ரயில நிக்கணும்னு கேக்க ஒரு பொன்னாடையா?" என்றாள். என் மனைவிக்கு வியாபாரம் தெரியும், அரசியல் தெரியாது.

ஜூன் 23

கொடிக்காலில் வாடல் நோய் என்று இரண்டு பேர் முன்பணம் கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். ஐயா வீட்டு வாசல் பூட்டியிருந்தது, டெல்லியில் வீட்டைக் காலி செய்யப் போயிருக்கிறாராம். கவுளி கொண்டுபோனவன் திரும்பி வந்தான்.

ஜூலை 8

தலையில் இடி.

காலையில் பிஜு ஆள் அனுப்பினார். போனால், கோட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு. நிரந்தர நிறுத்தம் கேட்டு எம்.பி. எழுதியதால் முறைப்படி ஆய்வு செய்தார்களாம். நிரந்தரம் என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் இங்கே குறைந்தது நாற்பது பேராவது ஏற வேண்டும். ஜூன் மாதம் பத்துப் பேர்கூட ஏறவில்லை. ஆகவே ஆகஸ்ட் மாதக் கணக்கையும் பார்ப்பார்கள். தேறாவிட்டால் நிரந்தரமும் இல்லை, தற்காலிகமும் இல்லை. ரயில் நிற்காது.

"பார்சல் வருமானம்? நான் ஏத்துற கூடை?" என்றேன்.

"அது வேற ஆபீஸ், வேற கணக்கு சார். இவங்க பாக்கிறது ஆள் ஏறுறது மட்டும்." பிஜு மலையாளத்தில் ஏதோ முனகிவிட்டுச் சொன்னார். "அந்த ஃபைல் ஒரு மூலையில சுகமா கிடந்தது. நீங்க மைக் வச்சு எழுப்பி விட்டுட்டீங்க."

"முன்னாடி எத்தனை பேர் ஏறுவாங்க?"

"மே மாசம் வரைக்கும் முப்பது, முப்பத்தஞ்சு. ஜூன்ல படுத்துடுச்சு. ஏன்னு எனக்கும் மனசிலாகல."

பள்ளிக்கூடம் திறந்ததால் இருக்கும் என்றேன். ஜூனில் பயணம் குறைவுதான்.

ஜூலை 9

எங்கள் வெற்றிலை வியாபாரிகள் சங்கத்தைக் கூட்டினேன். மறுபடியும் மறியல் என்று எல்லோரும் குதித்தார்கள். ஃப்ளோராவுக்குப் போன் போட்டேன். "மறியல் பண்ணினா கேஸ் விழும். கணக்கு மாறுமா அண்ணாச்சி?" என்று கேட்டது. போனை வைத்தேன்.

ரயில் நின்றுபோனால் முதலில் காய்வது கொடிக்கால்காரன். அடுத்து நான். இந்த வயதில் எலுமிச்சையோ வாழையோ புதிதாகப் படிக்க முடியாது.

சாப்பிடும்போது சொர்ணம், "ஐயா டெல்லியில இருந்து வந்தாச்சாம். போய்க் கேளுங்க" என்றாள்.

"தோத்த மனுஷன்கிட்ட என்னத்தக் கேக்க?"

"ஜெயிச்சவங்ககிட்ட கேட்டுத்தான் இந்தக் கதியாச்சு. சோத்தத் தின்னுட்டுப் போங்க."

ஜூலை 12

நானும் ஃப்ளோராவும் ஐயா வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண் தயங்கும் என்று பார்த்தேன். காரை விட்டு இறங்கியதும் நேராகப் போய், "ஐயா, தெரியாம ஒரு வேலை பண்ணிட்டேன்" என்றது. எனக்குக்கூட அப்படி வாய் வந்திருக்காது.

ஐயா எழுந்து நின்றார். "உக்காரும்மா. எம்.பி. நின்னுக்கிட்டு இருந்தா நான் எப்படி உக்கார?"

எல்லாவற்றையும் கேட்டார். உரலில் இடிப்பதை நிறுத்தவில்லை.

"நிரந்தரம்னு கேட்டது யாரு?"

நான் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தேன். ஃப்ளோராவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேப்பரில்தான் என் தலை இருக்கிறதே, அவர் பார்த்திருப்பார்.

"நான் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல" என்றார். "நிரந்தரம்னா மேலிடத்துக்குப் போவும், கணக்குக் கேப்பான், நாற்பது பேர் காட்டணும். நம்ம ஊருக்கு அது முடியாது. தற்காலிகம்னா கீழ ஒரு அதிகாரியோட முடிஞ்சிரும். இருபத்தஞ்சு முப்பது ஏறினாப் போதும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா போவேன். அவன் ரூம்ல உக்காருவேன். டீ குடிப்பேன். இன்னும் ஒரு ஆறு மாசம்னு கேப்பேன். அதிகாரி மாறுவான், நான் மாற மாட்டேன். இந்த ஆகஸ்டுக்கும் யாராவது போகணுமே, உன்கிட்ட வந்து சொல்லணும்னுதான் இருந்தேன் தாயி. அதுக்குள்ள மைக்குல வந்துட்டுது."

"அந்த இருபத்தஞ்சு முப்பது பேரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என் வீட்டுக்கு வந்தவங்கதான். பெறவு யாரு?"

உரலில் இன்னொரு வெற்றிலையைக் கிள்ளிப் போட்டார்.

"ஐயா, இத ஏன் யார்கிட்டயும் சொல்லல? சொல்லியிருந்தா..." என்று ஃப்ளோரா இழுத்தது. ஜெயித்திருப்பீர்கள் என்று சொல்ல வந்து அதன் வாயாலேயே சொல்ல முடியவில்லை.

"சொல்லியிருந்தா ரெண்டாயிரம் ஓட்டு கூடியிருக்கும். மறுவாரம் நல்லூர்க்காரன் எங்க ஊருலயும் நிறுத்துன்னு வருவான். அவன் ஊருல ஏறுறவன் நம்மளவிட நாலு மடங்கு. அவனும் என் தொகுதிதான். நியாயமும் அவன் பக்கம். ஆனா அவனுக்கு ஜங்ஷன் பக்கத்துல இருக்கு, பஸ்ஸு இருக்கு. நம்ம கொடிக்காலுக்கு இது ஒண்ணுதான். அதனால வாயத் திறக்கல."

"எங்க மறியல்?" என்றேன்.

"அதுவா? நிறுத்தத்துக்கு ஆர்டர் கையெழுத்தாகி வந்துக்கிட்டு இருந்துது. நீங்க தண்டவாளத்துல உக்காந்தீங்க. மறியலுக்குப் பணிஞ்ச மாதிரி ஆயிரும்னு அவனுங்க ஒரு மாசம் தள்ளி வச்சுட்டானுங்க." பொக்கை வாயால் சிரித்தார். "போட்டோ நல்லா விழுந்திருந்துது வே."

காப்பி ஆறிவிட்டது. குடித்துவிட்டு, ஆக வேண்டியதைப் பேசினேன். ஒரு வண்டிக்கு நாற்பது டிக்கெட் நான் வாங்கிக் கிழித்துப் போடுகிறேன், சங்கத்தில் பங்கு போட்டுக்கொள்கிறோம், அதோடு முடிந்தது என்றேன். வியாபாரி மூளை அப்படித்தான் ஓடும்.

"கூடாது" என்றார். "சீட்டு காலியா இருந்தா டி.டி.ஆர். எழுதிருவான். ஒரு தடவை பொய்க் கணக்குன்னு எழுதிட்டாம்னா உம்ம பேரப்பிள்ள காலத்துலயும் ரயில் நிக்காது. ஆள் ஏறணும். நெசமாவே எங்கயாவது போகணும்."

திரும்பும்போது ஃப்ளோராவின் காரில் வந்தேன். நான் இறங்கும்போது, "அண்ணாச்சி, நிரந்தரம் வேண்டாம், பழையபடி ஆறு மாசம் நீட்டினாப் போதும்னு நான் எழுதிடறேன். மைக் இல்லாம" என்றது.

ஜூலை 19

ஆள் ஏற்றுவது வெற்றிலை ஏற்றுவதைவிடக் கஷ்டம். சென்னைக்கு ஏ.சி. பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை விட்டுவிட்டு ரயிலில் போ என்றால் எவன் கேட்பான்? சங்கத்துத் துணைத்தலைவரே மகளைப் பார்க்க பஸ்ஸில் போய்விட்டு வந்திருக்கிறார். கேட்டால், "கால் நீட்டிப் படுக்கலாமே அண்ணாச்சி" என்கிறார். கொடிக்கால் காய்ந்தால் நன்றாகவே நீட்டிப் படுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 26

இன்று முன்பணம் கேட்டு வந்தவனிடம் என்னையறியாமல், "மதுரைக்கு மருந்து வாங்கப் போறியே, எதுல போறே?" என்று கேட்டேன். பஸ் என்றான். "நம்ம ஸ்டேஷன்ல டிக்கெட் எடுத்துட்டு வா, பெறவு பேசுவோம்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் யார் குரலில் சொன்னேன் என்று உறைத்தது. கணக்கப்பிள்ளை குனிந்து சிரித்தான். அவனுக்கும் தங்கச்சி வீடு விழுப்புரத்தில் இருக்கிறது. அவன் லீவுக்கும் அதே நிபந்தனை போட்டேன். சிரிப்பு நின்றது.

ஆகஸ்ட் 3

முதல் வாரம். ஒரு வண்டிக்கு இருபத்தெட்டு. இன்னொன்றுக்கு முப்பத்தொன்று. பழைய நிலைக்கு வந்துவிட்டோம். ஆனால் கோட்ட அலுவலகம் இப்போது நாற்பது என்றே கண்ணை வைத்திருக்கிறதாம். எழுப்பிய ஃபைல் சீக்கிரம் தூங்காது என்றார் பிஜு.

ஆகஸ்ட் 10

சொர்ணம் கோதாவில் இறங்கிவிட்டாள். தெருப் பெண்களைச் சேர்த்து மதுரை மீனாட்சி தரிசனம். அடுத்த வாரம் சமயபுரம். அதற்கடுத்து மாதா கோவில் தெருக்காரர்கள் வேளாங்கண்ணிக்குத் திருச்சி வரை இதில் போய் மாறுகிறார்கள். "சாமியும் ஆச்சு, ரயிலும் ஆச்சு. உங்க சங்கம் என்ன பண்ணுது?" என்று கேட்கிறாள். சங்கம் புளிசாதப் பொட்டலம் கட்டுகிறது என்றேன். உண்மையில் கட்டினோம்.

ஆகஸ்ட் 17

பிளாட்பாரம் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு பக்கம் என் கூடைகள், ஒரு பக்கம் சமயபுரத்துக்குப் போகிற கூட்டம். இரண்டு நிமிடத்தில் ஏற வேண்டும். முன்பதிவில்லாத பெட்டியில் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு, "ஏ, எம் பைய விடுட்டீ!" என்று ஒரே சத்தம். ஃப்ளோராவும் கட்சிக் கொடி, தொண்டர் எதுவும் இல்லாமல் நான்கு ஜூனியர் வக்கீல்களோடு மதுரை போகிறது.

டிக்கெட் வரிசையில் கடைசியாக ஐயா நின்றார், கையில் ஒரு மஞ்சள் பை.

"உங்களுக்குத்தான் பழைய எம்.பி. பாஸ் இருக்கே ஐயா?" என்று கேட்டேன்.

"பாஸ்ல போனா ஏறின கணக்குல வராது வே. இது தெரியாமலா இத்தனை வருஷம் என் பின்னால சிரிச்சீரு?"

பையை வாங்கிக்கொண்டேன். பெட்டியில் ஏற்றிவிட்டேன். ஃப்ளோரா அவருக்கு ஜன்னல் இடம் போட்டு வைத்திருந்தது. கோட்ட அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்கள். அந்த அதிகாரி எத்தனை மணிக்கு டீ குடிப்பார், யார் மூலம் போனால் ஃபைல் கீழேயே நிற்கும் என்று ஐயா சொல்லிக்கொண்டே போனார். ரயில் நகர்ந்தது. என் கூடைகள் எல்லாம் ஏறியதா என்று பார்க்க மறந்துவிட்டேன். ஏறியிருந்தது.

ஆகஸ்ட் 24

நாற்பத்து மூன்று. அடுத்த வண்டிக்கு முப்பத்தொன்பது. அந்த ஒரு ஆள் எவன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். துணைத்தலைவர் மேல்தான் சந்தேகம்.

ஆகஸ்ட் 28

கடைக்கு வெள்ளையடித்தோம். போட்டோக்களைக் கழற்றித் துடைத்தோம். மறியல் போட்டோவைத் திரும்ப மாட்ட ஆணி கிடைக்கவில்லை. சாமி படங்களுக்கு மட்டும் கிடைத்தது.

ஆகஸ்ட் 31

நீட்டித்துவிட்டார்கள்! நிரந்தரக் கோரிக்கை எம்.பி.யால் திரும்பப் பெறப்பட்டது, தற்போதைய நிறுத்தம் சோதனை அடிப்படையில் மேலும் ஆறு மாதம் தொடரும். பிஜு படித்துக் காட்டியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. வெளியே வந்து பிளாட்பாரத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தேன். ரயில் வருகிற நேரம்கூட இல்லை.

சோதனை என்ற வார்த்தை இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

செப்டம்பர் 1

சங்கம் ஒரே குரலாகச் சொன்னது, ஸ்டேஷன் வாசலில் ஐயா பேரில் ஒரு வளைவு, திறப்பு விழா, ஃப்ளோரா தலைமை. சொல்லிவிட்டு வரலாம் என்று காலையில் போனேன். தென்னை நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வளைவு வச்சா நல்லூர்க்காரன் படிப்பான்" என்றார். "கூடாது."

"பெறவு எங்க கடன எப்படித் தீர்க்க?"

"கடன்னு யாரு சொன்னா? என் வேலைக்குச் சம்பளம் வாங்கினேன்."

"இனிமே வாங்க மாட்டீங்களே. இனிமேயும் பிப்ரவரில அந்தப் பொண்ணு கூடப் போகணும், ஆகஸ்டுல போகணும். சும்மா கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வராது. யாவாரி ஐயா நான். விலை சொல்லுங்க."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்தது இது:

வளைவு கிடையாது, பொன்னாடை கிடையாது, கல்வெட்டு கிடையாது. நிரந்தரம் என்ற வார்த்தையைச் சங்கத்தில் யாரும் எடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோராவோடு அவர் போவார், டிக்கெட் எடுத்துத்தான் போவார். அவர் வீட்டு வாசலில் இனி கூட்டம் இல்லாததால், டிக்கெட் எங்கே எடுத்தாய் என்று கேட்கிற வேலை என் கடைக்கு வந்துவிட்டது. முன்பணம், லீவு, சிபாரிசு, எது கேட்டு வந்தாலும் முதலில் டிக்கெட். அவருக்கு வாரம் ஒரு கவுளி இளங்கொழுந்து வெற்றிலை, நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விலை டெல்லிக்கு என்ன விலையோ அதே விலை, அவர் என் கையில் ரொக்கமாகத் தருவார்.

சுண்ணாம்பு மட்டும் இனாம்.